வாயில்லா ஜீவன்களும் நாமும்

சிருஷ்டிகள் அனைத்தையும் படைத்து, அவற்றுக்கு உணவளித்துப் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட எமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்புக்குரிய பெற்றோர்களே, வாலிபச் சகோதர சகோதரிகளே!

ஸுப்ஹுடைய பாங்கு ஒலித்து ஓய்ந்த நேரம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய சந்துகளிலும் எம்மவர்கள் பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார்கள். தெருவிளக்கின் கீழ்ச் சுருண்டு கிடக்கும் நாய் தலையை உயர்த்திப் பார்க்கிறது, குரைக்கிறது. தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன் குனிந்து கல்லொன்றை எடுக்கிறான். பக்கத்தில் நடந்து செல்லும் தந்தை ஒன்றும் சொல்வதில்லை.

அந்தக் கல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தொழுகைக்குச் செல்லும் பாதையில், வுழூச் செய்த கையினால், ஒரு வாயில்லா ஜீவன் மீது எறியப்படும் அந்தக் கல்லுக்கு எமது மார்க்கத்தில் இடமுண்டா? "நாய் நஜீஸ்தானே" என்ற ஒரு சொல்லை அதற்கு நியாயமாகக் காட்ட முடியுமா?

அன்பர்களே! முதலில் சட்டத்தைத் தெளிவாக விளங்கிக் கொள்வோம். இலங்கை முஸ்லிம்களாகிய எம்மில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின்படி நாய் நஜீஸாகும். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவைகள் கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். வேட்டை, மந்தை, பயிர்நிலம் ஆகியவற்றின் தேவைக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை குறையும் என்ற நபிமொழியையும், நாய் உள்ள வீட்டினுள் மலக்குகள் நுழைவதில்லை என்ற நபிமொழியையும் நாம் அறிவோம். இவற்றை மறுப்பதற்காக நான் இங்கு வரவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ உயிருள்ள நாய் சுத்தமானது என்றே கருதினார்கள். இமாம்களிடையே இக்கருத்து வேறுபாடு உண்டு என்பதை நினைவிற் கொண்டு, நாம் எமது மத்ஹபிலேயே நின்று பேசுவோம்.

நஜீஸ் என்பது கழுவுதல் பற்றிய சட்டம். எமது உடை, உடல், பாத்திரம், தொழும் இடம் ஆகியவற்றை எவ்வாறு தூய்மையாக வைத்திருப்பது என்பதை அது எமக்குக் கற்பிக்கின்றது. அந்தப் பிராணி பாவம் செய்தது என்று அது கூறவில்லை. அதை அடிப்பதற்கும் பட்டினி போடுவதற்கும் அது அனுமதி வழங்கவும் இல்லை. எமது உடம்பில் ஓடும் இரத்தமும் வெளியே வந்தால் நஜீஸ்தான். அதற்காக இரத்தம் சிந்திக் கிடக்கும் மனிதனை யாரேனும் வெறுத்து ஒதுக்குவார்களா?

இவ்வுண்மையைத் தெட்டத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஒரு சட்டம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் தயம்மும் பற்றிய பாடத்திலேயே இருக்கின்றது. ஒருவரிடம் வுழூச் செய்வதற்கு மாத்திரம் போதுமான தண்ணீர் உள்ளது. அவரருகே தாகித்துத் தவிக்கும் ஒரு பிராணி நிற்கின்றது. அவர் என்ன செய்ய வேண்டும்? அத்தண்ணீரை அப்பிராணிக்குக் கொடுத்துவிட்டு, மண்ணினால் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதினார்கள். கடித்துத் தீங்கு செய்யும் வெறிநாயை இதிலிருந்து நீக்கிய அவர்கள், தீங்கு செய்யாத நாயை இதில் உள்ளடக்கினார்கள். சிந்தித்துப் பாருங்கள்! எந்த மத்ஹப் நாயின் எச்சிலை ஏழு தடவைகள் கழுவச் சொல்கின்றதோ, அதே மத்ஹப் எமது வுழூவின் தண்ணீரை நாயின் தாகத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கின்றது. இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படிப்பவரே மார்க்கத்தை முழுமையாகப் படித்தவர். முதலாவதை மாத்திரம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறைத்து விட்டால், நாம் அப்பிள்ளைக்கு அரைகுறை மார்க்கத்தையே கொடுத்தவர்களாவோம்.

அல்குர்ஆனை எடுத்துக் கொள்ளுங்கள். ஸூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளின் வரலாறு கூறப்படும்போது, குகை வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களது நாயும் சேர்த்தே குறிப்பிடப்படுகின்றது. நல்லடியார்களோடு இருந்த காரணத்தால் ஒரு நாயின் நினைவு இறுதிநாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்று விட்டது. ஸூரத்துல் அன்ஆமில் பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் எம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் உணர்த்துகின்றான். எனவே எமது ஒழுங்கையின் முனையில் வாழும் நாய்களும், மீன் சந்தையைச் சுற்றித் திரியும் பூனைகளும், குப்பைத் தொட்டியில் கூடும் காகங்களும் எம்மோடு இந்நகரைப் பகிர்ந்து வாழும் சமுதாயங்களாகும்.

தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தன் பாதணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான். அவ்வாறே நாயின் தாகம் தீர்த்த ஒழுக்கங்கெட்ட பெண்ணொருத்தியையும் அவன் மன்னித்தான். பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாது, தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாது சாகடித்த பெண்ணோ நரகத்துக்குரியவளானாள். இவை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவான செய்திகள். ஒருத்திக்குச் சுவர்க்கத்தின் வாசலைத் திறந்தது நாய். மற்றொருத்திக்கு அதை அடைத்தது பூனை. பூனை எமது மத்ஹபில் சுத்தமான பிராணி என்பதையும் மறந்துவிடாதீர்கள். எனவே அங்கு நிறுக்கப்பட்டது பிராணியின் தஹாரத் அன்று. மனிதரின் உள்ளமே நிறுக்கப்பட்டது.

வாலிபர்களே! என் சிறுபிராயத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில் வசித்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் மாலை ஓதிவிட்டு வரும் வழியில், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தள்ளுவண்டியின் கீழே குட்டிகளோடு கிடந்த நாயொன்றின் மீது நானும் என் கூட்டாளியும் கல்லெறிந்தோம். முதற் கல்லை எறிந்தவன் நான்தான். அந்தத் தாய்நாய் சீறிப் பாய்ந்தது. நான் ஓடிவிட்டேன். என் கூட்டாளியின் கெண்டைக்காலில் பல் பதிந்து விட்டது.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருக்குழாயடிக்குப் போய் இரத்தத்தைக் கழுவினோம். "நாய் பட்டதென்று தெரிந்தால் உம்மா அடிப்பா, வாப்பா ஏசுவார்" என்று அவன் அழுதான். யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்து கொண்டோம். சாரனால் காயத்தை மூடிக்கொண்டு இரண்டு நாட்கள் அவன் திரிந்தான். மூன்றாம் நாள், எங்கள் தோட்டத்தில் வசித்த ஓய்வுபெற்ற தாதியொருவர் அதைக் கண்டுவிட்டார். அவர் கிறிஸ்தவத் தமிழ் மாது. நாங்கள் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே அழைப்போம். அவர் நேரே அவனது வாப்பாவிடம் போய், "தம்பி, இன்றைக்கே இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நாளை என்று சொல்லாதீர்கள்" என்றார்.

அக்காலத்தில் அந்த ஊசிகளை வயிற்றைச் சுற்றிப் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் அவன் அழுதுகொண்டே போய் வந்தான். அல்லாஹ்வின் கிருபையால் அவன் பிழைத்துக் கொண்டான். அவனது வாப்பா அவனை அடிக்கவில்லை. "மகன், நாய் கடித்ததை என்னிடம் சொல்வதற்கு நீ பயந்தாயே, அந்தப் பயத்தை உனக்குத் தந்தவன் நான்தானே" என்று மாத்திரம் சொன்னார். சுவருக்கு இப்பால் நின்று அதைக் கேட்டுக் கொண்டிருந்த எனக்கு, முதற் கல்லை எறிந்தவன் நான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

பெற்றோர்களே! இதனை ஒரு சிறுகதை போலக் கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் வெளிப்பட்டு விட்டால் ஏறத்தாழ ஒருவரும் பிழைப்பதில்லை. ஆயினும் கடிபட்டவுடன் உரிய முறையில் தடுப்பு மருந்து ஏற்றினால் ஏறத்தாழ அனைவரையும் காப்பாற்றி விடலாம். 1885ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தை ஏற்றிய நாள்முதல் உலகம் இதை அறிந்திருக்கின்றது. எமது நாட்டில் 1973ஆம் ஆண்டு மாத்திரம் 377 பேர் இந்நோயினால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணியாலும், அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படும் சிகிச்சையாலும் அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. எனினும் அது அற்றுப் போய்விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் பிராணிகளால் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மறைக்கத் தெரிந்த வயதும் அதுவே.

எனவே இதை மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள். நாயோ, பூனையோ, கீரியோ கடித்தாலும், நகத்தால் பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும், அந்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் நன்றாகக் கழுவ வேண்டும். பின்னர் தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காயத்தில் மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம். ஏழு தடவைகள் கழுவும் சட்டத்தை நினைத்துக் காயத்தினுள் மண்ணைத் தேய்க்கவும் வேண்டாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. நோயாளிக்கும் காயம்பட்டவருக்கும் மார்க்கம் சலுகை வழங்கியிருக்கின்றது. தொழுகை பற்றிய ஐயத்தை வைத்தியசாலையிலிருந்து திரும்பிய பின்னர் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளலாம். தடுப்பூசிக்கோ பிந்திவிடக் கூடாது.

அனைத்துக்கும் மேலாக, "நாய் பட்டால் அடிப்பேன்" என்று பிள்ளையை ஒருபோதும் பயமுறுத்தாதீர்கள். "நாய் பட்டால் என்னிடம் சொல், நாம் சேர்ந்து கழுவிக் கொள்வோம்" என்று சொல்லிக் கொடுங்கள். எச்சில் பட்ட சட்டையைக் கழுவ நீங்கள் செலவிடுவது சில நிமிடங்கள். பிள்ளை மறைத்துவிட்டால் இழப்பதற்கு எல்லையில்லை.

அன்பர்களே! பிராணிகளால் தீங்கு நேரும்போது நாம் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. உண்மையாகவே கடித்துத் தீங்கு செய்யும் நாயைக் கொல்வதற்கு ஹதீஸில் அனுமதியுண்டு. எனினும் கொல்வதிலும் அழகிய முறை வேண்டுமென்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உயிருள்ள பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களைக் கண்ட இப்னு உமர் (ரழி) அவர்கள், அவ்வாறு செய்பவர்களை நபியவர்கள் சபித்ததை எடுத்துரைத்தார்கள். அப்படியிருக்க, இறைச்சித் துண்டில் நஞ்சு வைத்து ஒழுங்கை நாய்களையெல்லாம் துடிதுடிக்கச் சாகடிப்பதும், சுடுநீரை ஊற்றுவதும், வாலில் பட்டாசைக் கட்டுவதும் எந்தக் கிதாபில் உள்ளவை? நாட்டின் சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தெருநாய்களைக் கொல்லாது, தடுப்பூசியாலும் கருத்தடையாலும் கட்டுப்படுத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு முதல் அரசின் கொள்கையாயிற்று. ஆகவே வெறிபிடித்ததாகத் தோன்றும் நாயைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தடுப்பூசி ஏற்றும் குழுவினர் உங்கள் ஒழுங்கைக்கு வரும்போது, "அது எங்கள் நாயல்லவே" என்று கதவைச் சாத்தாமல், அவை எங்கே கிடக்கின்றன என்றாவது காட்டிக் கொடுங்கள். நாய்களில் 100க்கு 70 ஏனும் தடுப்பூசி பெற்றால் அந்நோய் பரவுவது தடைப்படும் என்பது நிபுணர்களின் கருத்து. அத்தடுப்பூசி நாயைக் காப்பதோடு உங்கள் பிள்ளையையும் காக்கும்.

நாம் தனித்து வாழும் சமுதாயமன்று. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளில் எமக்கு மேல்மாடியில் ஓர் இந்துக் குடும்பமும், கீழ்மாடியில் ஒரு பௌத்தக் குடும்பமும் வாழ்கின்றன. கொட்டாஞ்சேனையில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. அயலவர் காலையில் காகத்துக்குச் சோறு வைப்பார். மற்றொருவர் நாய்க்குப் பாண்துண்டு போடுவார். அவரது நாய் படிக்கட்டில் எம்மீது உராய்ந்தால், முகத்தைச் சுளிக்காமல், "அன்ரி, எங்களுக்குத் தொழுகை இருக்கிறது, சற்றுப் பிடித்துக் கொள்ளுங்கள்" என்று பண்பாகச் சொன்னால் யார்தான் மறுப்பார்? 2020ஆம் ஆண்டு மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியபோது எம்மில் பலர் கவலையடைந்தோம். அக்கவலைக்கு நியாயமுண்டு. ஆயினும், மூச்சுவிட இடமின்றி லொறிகளில் மாடுகளை அடைத்துக் கொண்டு வருவதையும், உழ்ஹிய்யாவின் எலும்பையும் குடலையும் வாய்க்காலில் வீசுவதையும் காணும் அயலவர், இஸ்லாம் கருணை மார்க்கம் என்று நாம் கூறுவதை எவ்வாறு நம்புவார்? கத்தியை நன்கு தீட்டுங்கள், அறுக்கப்படும் பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்பது நபிவழி. மனிதர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக அன்றி, அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கின்றான் என்பதற்காகவே அதைப் பேணுவோம்.

ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்தராது போய்விட்ட பிராணிக்கும் அதன் உரிமையாளர் தீனி கொடுக்க வேண்டும். சுமக்க இயலாததை அதன்மீது சுமத்தக் கூடாது என்பன அவற்றுட் சில. இன்று பூனைக்குட்டியை ஆசைக்கு வாங்கி, அது வளர்ந்ததும் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விட்டுவரும் எமது வீடுகளுக்கு இது பாடமாக வேண்டும். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிறுகுருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்து அச்சிறுவரின் மனத்தைத் தேற்றினார்கள். பிள்ளையின் கையிலிருக்கும் சிறு உயிரும் அவர்களுக்கு அற்பமாகத் தெரியவில்லை.

வாலிபர்களே! உங்களிடம் பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. வலீமா முடிந்ததும் சஹனில் மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் பையில் கட்டி ஒழுங்கை முனையில் எறியாதீர்கள். நாய்கள் அங்கு கூடிச் சண்டையிடுவதற்கு நாமே காரணமாகி, பின்னர் நாமே அவற்றுக்குக் கல்லெறிகிறோம். வெயில் காலத்தில் வீட்டு வாசலின் ஓரத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். டெங்கு நுளம்பு பெருகாதிருக்க அதை நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். குட்டி ஈன்ற நாய்க்கு அருகே செல்லாதீர்கள். நாய் குரைத்தால் ஓடாதீர்கள். கையை உயர்த்தாது அமைதியாக நடந்து செல்லுங்கள். சிறியவன் ஒருவன் கல்லெடுத்தால் அவனது கையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

நாளை ஸுப்ஹுக்கு நீங்கள் நடந்து செல்லும்போது அதே தெருவிளக்கின் கீழ் அதே நாய் தலையை உயர்த்திப் பார்க்கும். அதுவும் இரவு முழுவதும் விழித்திருந்த ஒரு படைப்புத்தான். உங்கள் மகன் கல்லுக்காகக் குனிந்தால் தயவுசெய்து மௌனமாக இருந்துவிடாதீர்கள். "போடு மகன் அதை, அதுவும் அல்லாஹ்வின் படைப்பு" என்று ஒரு சொல் சொல்லுங்கள். அச்சொல் அவனது ஆயுள் முழுவதும் அவனோடு நடந்து வரும்.

யா அல்லாஹ்! எமது கைகளால் துன்புற்ற வாயில்லா ஜீவன்கள் விடயத்தில் எம்மை மன்னித்தருள்வாயாக! எமது பிள்ளைகளைத் தீராத நோய்களிலிருந்து பாதுகாப்பாயாக! எமது உள்ளங்களில் இரக்கத்தையும், எமது அயலவரோடு இணக்கத்தையும் உண்டாக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.